முப்பத்தெட்டாம் நாக்கு

இருநூற்றுப் பதினேழு நாட்கள் அந்த இரத்தம் மைனஸ் எண்பது பாகைக் குளிரில் கிடந்தது. பெப்ரவரியில் எடுத்தது. ஆய்வில் சேரவேண்டிய எல்லோரும் சேர்ந்து முடியும்வரை எந்தக் குழாயையும் திறக்கக் கூடாது என்பது விதி. செப்டம்பர் நடுவில் எல்லாவற்றையும் ஒன்றாக வெளியே எடுத்து, உறைவு இளகும்வரை காத்திருந்து, வினோஜா சோதனைத் தட்டில் துளித்துளியாக இட்டாள்.

தட்டு முழுக்கச் சின்னக் குழிகள். இரைப்பையின் உட்சுவர் நன்றாக இருக்கிறவரின் இரத்தம் என்றால் குழி மஞ்சளாகும். சுவர் தேய்ந்திருந்தால் வெளிறி நிற்கும். அவள் தேடியது பெப்சினோஜன் என்ற புரதத்தை. அதை அந்தச் சுவர்தான் சுரக்கிறது. சுவர் அழிய அழிய அதுவும் குறைந்துகொண்டே போகும்.

முப்பத்தெட்டாம் குழியில் நிறம் ஏறவே இல்லை.

தன் கைதான் தவறியிருக்கும் என்று மறுபடி செய்தாள். மறுபடியும் வெறும் தண்ணீர்போல நின்றது.

குழாய்களில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்று சோதனை செய்கிறவளுக்குத் தெரியக் கூடாது. ஆனால் பெப்ரவரியில் அந்த எண்ணைக் குழாயில் ஒட்டியவளும் அவள்தான். அன்று பனிப்புயல். வரவேண்டிய மற்றவர்கள் வரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஒருவர்தான் முழங்கால்வரை பனி ஒட்டிய சப்பாத்தோடு வந்து நின்றார்.

புஷ்பவதி அன்ரி.

வினோஜா கையுறையைக் கழற்றிவிட்டு யன்னலருகே போய் நின்றாள். கீழே மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் தெருவில் பஸ்ஸுக்கு நின்ற மாணவர்கள் இன்னும் கோடைச் சட்டையில்தான் இருந்தார்கள்.

*

ஆய்வின் கேள்வி எளிமையானது. சீன மருத்துவர்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக நாக்கைப் பார்த்து வயிற்றின் நிலையைச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் சொல்வதும் இரத்தம் சொல்வதும் ஒத்துப்போகின்றனவா? ஆய்வை நடத்தும் பேராசிரியர் இரைப்பை மருத்துவர். ஒத்துப்போகாது என்றுதான் அவர் நினைத்தார். ஆனாலும் நேர்மையாகக் கேட்கவேண்டும் என்றார்.

நாக்கைப் பார்ப்பதற்கு வந்தவர் மதாம் லின். செங்டுவில் படித்து, மொன்றியலில் இருபது வருடங்களுக்கு மேலாக ஊசி வைத்தியம் செய்கிறவர். அறுபது வயது இருக்கும். அவரது பிரெஞ்சு நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்ததுபோல வரும். நாக்கின் மேல் தடித்த, பிசுபிசுத்த மஞ்சள் படலம் இருந்தால் அதை 'ஈர வெப்பம்' என்பார். வயிற்றுக்குள் நீராவி நிற்கும் சமையலறை மாதிரி, யன்னல் திறக்காத சமையலறை மாதிரி என்று ஒருமுறை வினோஜாவுக்கு விளக்கினார்.

அவர் நாடியும் பார்ப்பார். மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் நாடியைப் படம் எடுக்க முடியாது. படம் எடுக்க முடிந்ததைத்தான் கணக்கில் சேர்க்கலாம் என்று பேராசிரியர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். எனவே நாக்கு மட்டும்தான் சேர்ந்தது.

வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் சோதனைக்கு ஆய்வில் கொஞ்ச இடங்களே இருந்தன. மதாம் லின் 'ஈர வெப்பம்' என்று சொல்கிற எல்லோருக்கும் இரண்டு வாரத்துக்குள் இடம் கிடைக்கும். மற்றவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். வெளியே அதே சோதனைக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். அதுவும் அனுப்பிவைக்க ஒரு குடும்ப மருத்துவர் இருந்தால்.

புஷ்பவதிக்குக் குடும்ப மருத்துவர் இல்லை.

அவர் ஜான்-டலோன் சந்தையின் ஓரத்தில் ஒரு காய்கறிக் கடையில் வேலை செய்தார். கீரைக் கட்டுகளில் பழுத்த இலை பிடுங்குவது, தண்ணீர் தெளிப்பது, கத்தரிக்காயை அடுக்குவது. வினோஜாவின் அம்மா சிவாஜினி கிழமைக்கு ஒருமுறை அங்கேதான் காய் வாங்குவார். ஜனவரியில் வினோஜா ஆய்வு பற்றிய தமிழ் அறிவித்தல் ஒன்றை அந்தக் கடைக் கண்ணாடியில் ஒட்டப் போனபோது புஷ்பவதி ஈரக் கையோடு பின்னால் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை ஒட்டுறாய்? வீடு வாடைக்கோ?"

"இல்லை அன்ரி. வயித்து வருத்தம் உள்ள ஆக்களைத் தேடுறம். ஆய்வுக்கு."

"வருத்தம் இல்லாத ஆக்களைத் தேடினால்தான் கஷ்டப்படுவாய்." அவர் குனிந்து வாசித்தார். "நாக்கைப் பாத்து வருத்தம் சொல்லுறதோ? என்ரை நாக்கைப் பற்றி எங்கட வீட்டுக்காரர் முப்பது வருசமாச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்."

வினோஜா சிரித்தாள். அவளுக்கு அந்நியர்களிடம் கேள்வி கேட்கக் கூச்சம். ஆனால் கேட்பதுதான் வேலை. "உங்களுக்கு ஏதும் செய்யுதோ அன்ரி?"

"எரிவுதான். ரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிரம்பின மாதிரிக் கிடக்கும். சப்புற மாத்திரை வாங்கிப் போடுறன். குடும்ப டொக்டருக்குப் பேர் குடுத்து மூண்டு வருசம், ஒரு சத்தமும் இல்லை." பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீயோ அங்கை நிக்கிறனி? வெள்ளைக் கோட்டுப் போட்டோ?"

"ஓம் அன்ரி."

"அப்ப வாறன்."

போன் நம்பரைக் கொடுத்துவிட்டு ஒரு கட்டு வெந்தயக் கீரையையும் அவளின் பைக்குள் திணித்தார். "கொம்மாவிட்டைக் குடு. பேந்து கதைக்கிறன் எண்டு சொல்லு."

*

புஷ்பவதி ஆய்வுக்கு வருவதற்கு முந்திய நாள் வினோஜா போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். விடியக் காலை ஒன்றும் சாப்பிடக் கூடாது. தேத்தண்ணியும் கூடாது. பல்லுத் தீட்டலாம், ஆனால் நாக்கு வழிக்கக் கூடாது. ஆய்வின் பிரெஞ்சு அறிவுறுத்தல் தாளில் நாக்கைத் தூரிகையால் தேய்க்கவேண்டாம் என்று மட்டும்தான் இருந்தது. தமிழ்த் தாளில் 'வழிக்க வேண்டாம்' என்று சேர்த்தது வினோஜாதான். அவளுடைய வீட்டில் ஒவ்வொருவருக்கும் குளியலறையில் வளைந்த எவர்சில்வர் தகடு ஒன்று இருந்தது. சின்ன வயதில் வழிக்காமல் பாடசாலைக்குப் போகப் பார்த்தால் அம்மா வாசலில் மறித்து வாயைத் திறக்கச் சொல்வார். நாக்கு வழிக்காமல் ஒருவரின் முகத்துக்கு முன்னால் வாயைத் திறப்பது, குளிக்காமல் கோயிலுக்குப் போவதுபோல. இது மதாம் லின்னுக்கோ பேராசிரியருக்கோ தோன்றாது. அவளுக்குத் தோன்றியது.

"ஓமோம், விளங்குது," என்றார் புஷ்பவதி போனில்.

மறுநாள் பனிப்புயல். சந்தைப் பக்கமிருந்து மெட்ரோ எடுத்து, மாறி, பிறகு பஸ்ஸுக்கு நின்று வந்திருந்தார். கோட்டைக் கழற்றியபோது உள்ளே நல்ல சேலை. கண்ணாடிபோல இஸ்திரி போட்ட நீலச் சேலை. காதில் கல்லுத்தோடு.

"என்ன அன்ரி, கலியாணவீட்டுக்குப் போற மாதிரி?"

"ஆஸ்பத்திரிக்கு வரேக்கை வடிவாத்தானே வரோணும்." அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். குளிர்பெட்டி, மேசை, மேசையில் தாடையை வைக்கும் தாங்கி, அதற்கு எதிரே கமரா. "இதெல்லாம் நீயே இயக்குவாய்?"

"கமராவும் ரத்தச் சோதனையும் நான். நாக்குப் பாக்கிறது மதாம் லின்."

"கெட்டிக்காரி. எங்கட மகன் சாம்பவனும் இப்பிடித்தான், மெசினுகளோடை. மெட்ரோவிலை ரயில் திருத்திற வேலை. பச்சை லைன். ஆரோடையும் கதைக்கமாட்டான், ரயிலோடை மட்டும்தான் கதைப்பான்." வினோஜா இரத்தம் எடுக்கக் கையில் பட்டி கட்டும்போதும் அவர் நிறுத்தவில்லை. "நீ மச்சம் சாப்பிடுவியோ பிள்ளை?"

"மீன் மட்டும் அன்ரி."

"அவனும் இறைச்சியை விட்டிட்டான். உன்ரை நட்சத்திரம் என்ன?"

கோயிலில் அர்ச்சனை செய்யக் கேட்கிறார் என்று வினோஜா நினைத்தாள். "தெரியாது அன்ரி. அம்மாவைத்தான் கேக்கோணும்."

"பரவாயில்லை, நான் கேக்கிறன்."

மதாம் லின் வந்தார். தலையைச் சாய்த்து வணங்கிவிட்டு, முதலில் நாடி. மூன்று விரல்கள். கண்ணை மூடினார். வழமையைவிட அதிக நேரம் எடுத்தார். மறு கையையும் கேட்டார்.

"மெய்யே பிள்ளை, இவ நித்திரையாப் போனாவோ?" என்று புஷ்பவதி மெல்லக் கேட்டார்.

பிறகு நாக்கு. புஷ்பவதி தாங்கியில் தாடையை வைத்தார். வினோஜா விளக்கைப் போட்டு, கமராவுக்குப் பின்னால் போய், "நாக்கை நீட்டுங்கோ அன்ரி," என்றாள்.

"உனக்கு நாக்கை நீட்டினனான் எண்டு கேள்விப்பட்டால் கொம்மா என்னை அடிக்க வருவா."

"அவவுக்குச் சொல்லமாட்டன்."

நீட்டினார். வினோஜா கமராத் திரையைப் பார்த்தாள். ஒரு பெரியவர் தன்னை நோக்கி நாக்கை நீட்டிக்கொண்டிருப்பதை நேரே பார்க்க அவளுக்கு எப்போதும் கூச்சம். திரையில் பார்த்தால் அது ஒரு நிறம், ஒரு வடிவம், அவ்வளவுதான். இளஞ்சிவப்பு நாக்கு. மெல்லிய வெண்மை. சுத்தமாக இருந்தது.

மதாம் லின் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்தார்.

"நாடி ஒன்று சொல்கிறது, நாக்கு வேறொன்று சொல்கிறது," என்றார் பிரெஞ்சில். "இன்று காலை நாக்கைச் சுத்தம் செய்தாரா என்று கேள்."

"அன்ரி, இண்டைக்கு நாக்கு வழிச்சனீங்களோ எண்டு கேக்கிறா."

புஷ்பவதி நாக்கை உள்ளே எடுத்தார். வினோஜாவைப் பார்த்தார், மதாம் லின்னை அல்ல.

"இல்லைப் பிள்ளை. நீதானே வேண்டாமெண்டனி."

வினோஜா அதைப் பிரெஞ்சில் சொன்னாள். மதாம் லின் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார். பிறகு தன் தாளில் எழுதினார்: மெல்லிய வெண்படலம். ஈர வெப்பம் இல்லை.

*

குலுக்கலில் முப்பத்தெட்டு வரவில்லை. வினோஜா போன் எடுத்து, எழுதித் தந்திருந்த வசனத்தை அப்படியே தமிழில் சொன்னாள். இது நோய் இல்லை என்று சொல்வதாகாது, வருத்தம் தொடர்ந்தால் மருத்துவரைக் கட்டாயம் பார்க்கவேண்டும் என்றாள். எரிவு எப்படி என்றும் கேட்டாள்.

"இப்ப அவ்வளவு இல்லைப் பிள்ளை," என்றார் புஷ்பவதி.

ஏப்ரலில் அம்மா கடையிலிருந்து வந்து சொன்னார்: "புஷ்பவதியக்கா உன்னைப் பற்றித்தான் ஒரே கதை. சீனத்து டொக்டர் நாக்கைப் பாத்து ஒண்டுமில்லை எண்டிட்டாவாம். எரிச்சலெல்லாம் வெறும் காஸ் எண்டு விட்டிட்டாவாம்."

"அவ அப்பிடிச் சொல்லேல்லை அம்மா. நானும் அப்பிடிச் சொல்லேல்லை. டொக்டரைப் பாக்கச் சொன்னனான்."

"எந்த டொக்டரை?"



கோடையில் ஒருநாள் அம்மாவோடு அவளும் கடைக்குப் போனாள். புஷ்பவதி தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றார். கன்னம் உள்ளே போயிருந்தது, சட்டைத் தோள் இறங்கியிருந்தது. அம்மா அவரைப் பார்த்ததும், "என்ன அக்கா, குமரி மாதிரி வந்திட்டியள்! அந்த டயட்டை எனக்கும் சொல்லித் தாங்கோவன்," என்றார்.

"டயட் என்ன டயட். பசியில்லை, அவ்வளவுதான்."

"குடுத்துவைச்சனீங்கள்."

மூன்று பேரும் சிரித்தார்கள். வினோஜாவும் சிரித்தாள். பாடப்புத்தகத்தில் படித்தவள். காரணமில்லாத மெலிவு, விரைவில் நிரம்பும் வயிறு. தேர்வுத்தாளில் என்றால் உடனே எழுதியிருப்பாள். கடைக்குள், வெயிலில், சிரிக்கும் பெண்களுக்கு நடுவே அது நினைவுக்கு வரவில்லை. படம் சுத்தமாக இருந்தது என்பதுதான் நினைவில் இருந்தது.

*

செப்டம்பரில் முப்பத்தெட்டாம் குழி வெளிறி நின்ற அன்றே வினோஜா பேராசிரியரிடம் போனாள். இப்படிக் குறைந்த அளவு வந்தால் உரியவருக்கு அறிவிக்கவேண்டும் என்று ஆய்வின் விதியிலேயே இருந்தது. அவர் அளவைப் பார்த்தார், உதட்டை மடித்தார், தொலைபேசியை எடுத்தார். இரண்டு கிழமைக்குள் புஷ்பவதிக்குக் குழாய்ச் சோதனை நடந்தது. வினோஜா வெளியே இருந்தாள்.

இரைப்பையின் கீழ்ப் பாகத்தில் புண். புண்ணைச் சுற்றித் தடிப்பு. எடுத்த துணுக்கில் புற்றுநோய். முதலில் மருந்து ஏற்றவேண்டும், பிறகு இரைப்பையின் பெரும்பகுதியை எடுக்கவேண்டும். ஈரலுக்குப் போகவில்லை. பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கலாம். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

"பெப்ரவரியிலேயே பார்த்திருந்தால்?" என்று வினோஜா பேராசிரியரிடம் கேட்டாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அப்போது சின்னதாக இருந்திருக்கலாம். குழாய் வழியாகவே எடுத்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அதைச் சொல்ல யாராலும் முடியாது."

முடிவுகளைப் பார்க்கும் கூட்டம் ஒக்டோபர் முதல் வாரம் நடந்தது. மதாம் லின்னின் நாக்குக் குறிப்புகளும் இரத்த எண்களும் எதிர்பார்த்ததைவிட நெருக்கமாக ஒத்துப்போயின. பேராசிரியரே வியந்தார். ஒரு புள்ளி மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் தூரத்தில், மூலையில் தனியே நின்றது.

"முப்பத்தெட்டு," என்றார் பேராசிரியர். "இங்கே நாக்கு முழுக்கப் பிழை."

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு மதாம் லின் வினோஜாவிடம் வந்து அந்தப் படத்தைத் திறக்கச் சொன்னார். இருவரும் திரையின் முன்னால் இருந்தார்கள். வினோஜா பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். நாக்கின் நடுவில் நீளவாக்கில் இரண்டு மெல்லிய சிவப்புக் கோடுகள். பின்பக்கம் ஊசிமுனை அளவில் ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி. காய்ந்த இரத்தம்.

அந்தக் கோடுகளை அவள் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். தகட்டை அழுத்தி இழுத்தால் வரும்.

"அன்று கேட்டாய் அல்லவா?" என்றார் மதாம் லின்.

"கேட்டேன்."

"இல்லை என்றார்."

"இல்லை என்றார்."

"நாடி தெளிவாக இருந்தது." மதாம் லின் தன் மூன்று விரல்களையும் பார்த்தார். "வழுக்கிக்கொண்டு ஓடும் நாடி. உள்ளே கிடப்பது வெளியே தெரியாவிட்டாலும் நாடியில் தெரியும். படிக்கும்போது எங்கள் ஆசிரியை சொல்வார், நாக்கும் நாடியும் சண்டை போட்டால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதே, நாளைக்கு வரச்சொல் என்று. நான் நாளைக்கு வரச்சொல்லவில்லை. பனி என்று விட்டுவிட்டேன். இன்னொருமுறை எப்படி இந்தப் பனியில் வரச்சொல்வது என்று நினைத்தேன்."

படத்தை மூடச் சொன்னார்.

*

மருந்து ஏற்றத் தொடங்குவதற்கு முன் ஆய்வுக்கு இன்னொரு படம் தேவைப்பட்டது. வினோஜா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். புஷ்பவதி உடனே சம்மதித்தார்.

இம்முறை சாம்பவன் காரில் கூட்டிவந்தான். நெடிய, குனிந்த தோள்கள் உள்ள ஆள். வினோஜாவுக்குத் தலையசைத்துவிட்டு, அம்மாவின் கோட்டைக் கழற்ற உதவி, அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே தாழ்வாரத்து நாற்காலியில் போய் இருந்தான். கதவின் கண்ணாடி வழியாக அவன் தெரிந்தான். போனை எடுக்கவில்லை. மடியில் கோட்டை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புஷ்பவதி கம்பளிச் சட்டையும் காற்சட்டையும் போட்டிருந்தார். தோடு இல்லை. தானாகவே போய்த் தாங்கியின் முன்னால் இருந்தார்.

"எப்பிடி இருக்கிறியள் அன்ரி?"

"இருக்கிறன். எல்லாரும் வந்து பாத்துச் சூப் தந்திட்டுப் போகினம். சூப்பாலையே என்னைக் கொல்லப் போகினம் போலை." அவர் சிரித்தார். "கொம்மா நேற்று வந்தவ. அழுது போட்டா. டயட்டைக் கேட்டனே, டயட்டைக் கேட்டனே எண்டு ஒரே அழுகை. நான்தான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தது."

மதாம் லின் வந்தார். தலையைச் சாய்த்தார். புஷ்பவதியும் சாய்த்தார். நாடி பார்த்தார். கண்ணை மூடவில்லை இம்முறை. புஷ்பவதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வினோஜா விளக்கைப் போட்டாள்.

"இண்டைக்கு அப்பிடியே வந்திருக்கிறன் பிள்ளை," என்றார் புஷ்பவதி. "முகத்தைச் சுளியாதை."

நாக்கை நீட்டினார்.

நடுவிலிருந்து அடிவரை தடித்த மஞ்சள். ஓரங்களில் பல் பதிந்த தடம். பழைய நெய்போல ஒட்டியிருந்தது. வினோஜா முகம் சுளிக்கவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை. முதல்முறையாகக் கமராவுக்கு மேலாக நேரே பார்த்தாள். படத்தை எடுத்தாள்.

மதாம் லின் நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் தான் சரி என்ற மகிழ்ச்சி எதுவும் இல்லை.

"இது ஒரு மாதத்தில் வந்த படலம் அல்ல," என்றார் தணிந்த குரலில். "கேட்கவேண்டும் என்று நினைத்தேன். வேண்டாம். இனிக் கேட்டு என்ன."

"என்னவாம்?" என்றார் புஷ்பவதி.

வினோஜா விளக்கை அணைத்தாள். மதாம் லின் வேண்டாம் என்று சொன்னதை அப்படியே விட்டுவிடலாம். விடுவதுதான் அவளுக்குச் சுலபம். அவள் நாற்காலியை இழுத்துப் புஷ்பவதிக்கு எதிரே போட்டு இருந்தாள்.

"அன்ரி, பெப்ரவரியிலை எடுத்த படத்தைப் பெரிசாக்கிப் பாத்தனாங்கள். நாக்கிலை கோடு கிடக்கு. ரத்தப் புள்ளியும் கிடக்கு."

புஷ்பவதி தன் கைகளைப் பார்த்தார். விரல் நுனிகளில் கீரைச் சாறு ஏறிய கறை இன்னும் போகவில்லை.

"அவ பிழையாப் பாத்தவ எண்டு சொல்லினமோ?"

"கூட்டத்திலை அப்பிடித்தான் வந்தது."

"அவ பிழை விடேல்லை. அதைச் சொல்லு முதலிலை." புஷ்பவதி மதாம் லின்னை நிமிர்ந்து பார்த்தார். "வழிச்சுப்போட்டுத்தான் வந்தனான். நாலைஞ்சு தரம் வழிச்சனான். போகுதில்லை, போகுதில்லை எண்டு அழுத்தி அழுத்தி. இவர் கதவைத் தட்டி என்னப்பா செய்யிறாய் உள்ளுக்கை எண்டு கேட்டவர். ரத்தம் கண்ட பிறகுதான் விட்டனான்."

வினோஜா பிரெஞ்சில் சொன்னாள். சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. மதாம் லின் கேட்டு முடித்து, மெல்லத் தலையாட்டி, பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"ஏன் என்று மட்டும் கேள்," என்றார். "குற்றம் சொல்லக் கேட்கவில்லை. என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் அழுக்கு நாக்கோடுதான் வருகிறார்கள். நான் அவரைப் பயமுறுத்தினேனா?"

வினோஜா கேட்டாள்.

"அவவிலை என்ன பயம். அவ டொக்டர். டொக்டருக்கு எதையும் காட்டலாம்." புஷ்பவதி கதவுக் கண்ணாடியைப் பார்த்தார். சாம்பவன் எழுந்து நின்று கோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். "இஞ்சை ஒரு தமிழ்ப் பிள்ளையும் இல்லாமல், வெள்ளையோ கறுப்போ ஆரும் நிண்டு படமெடுத்திருந்தால் நான் அப்பிடியே வந்திருப்பன்."

"நான் எண்டபடியாலோ அன்ரி? நான் ஆரிட்டையும் சொல்லமாட்டனே. அம்மாவிட்டைக்கூடச் சொல்லேல்லை."

"நீ சொல்லமாட்டாய் எண்டு தெரியும்."

"அப்ப ஏன்?"

மதாம் லின் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வெப்பக்குழாய் கடகடத்து அடங்கியது. புஷ்பவதி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, கதவுக்கு முதுகு காட்டி இருந்துகொண்டார். வினோஜாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இதை அவவுக்குப் பிரெஞ்சிலை மாத்திச் சொல்லாதை. வெளியிலை இருக்கிறவனுக்கும் தெரியாது. இனித் தெரியவும் வேண்டாம், இனி நான் எந்த முகத்தோடை ஒரு வீட்டு வாசலிலை போய்க் கேக்கிறது. அண்டைக்கு அந்தப் பனிக்குள்ளை சேலையைக் கட்டிக்கொண்டு வந்தது வயித்துக்காக மட்டும் இல்லைப் பிள்ளை. கொம்மாவோடை கதைக்க முதல் உன்னை ஒருக்கா இருந்து பாக்கோணும், நீயும் என்னைப் பாக்கோணும் எண்டு வந்தனான். மாமியாரா வாறவளின்ரை நாக்கை இந்தக் கோலத்திலை நீ கமராவிலை பாத்தால் என்ன நினைப்பாய்?" அவருடைய பிடி இறுகியது. "உன்னைச் சாம்பவனுக்குக் கேக்கிறதெண்டு இருந்தனான்."